ஒரே நடை

மழை இருட்டிக்கொண்டு வந்தது. வாய்க்கால் கரையில் இரண்டு எறும்புப் புற்றுகள். இரண்டிலும் மழைக்காலத்துக்கென்று சேர்த்த கம்புத் தானியம். வெள்ளம் வருவதற்குள் அதை மேட்டுக்கு ஏற்றியாக வேண்டும்.

பெரிய புற்றின் தலைவன் கட்டெறும்பு தன் கூட்டத்திடம், "எல்லாக் கம்பும் ஒரே நடையில் போகணும். ஒரு மணி கீழே விழுந்தாலும் அத்தனை பேரும் திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்கணும். அரைகுறை வேலை நம்ம குலத்துக்கு ஆகாது" என்றது.

பக்கத்துப் புற்றுச் சித்தெறும்புக்குச் சிரிப்பு வந்தது. அது தன் ஆட்களைச் சின்னச் சின்ன வரிசையாக அனுப்பியது. ஒரு வரிசை மேட்டில் இறக்கி வைத்த பிறகே அடுத்தது கிளம்பியது. தவறி விழுந்த மணியை மட்டும் திரும்பப் போய் எடுத்துக்கொண்டார்கள்.

"டேய் பொடியா, கோழி கொத்துற மாதிரி தூக்குறியே, வெட்கமா இல்லை?" என்றது கட்டெறும்பு.

"ஏறினது ஏறினதுதானே அண்ணே. உங்க ஆளுங்களும் மேட்டுக்கிட்ட வந்துட்டாங்க. இறக்கி வைக்கச் சொல்லுங்க."

"கடைசியில ஒருத்தன் மணியைத் தவற விட்டுட்டான். எல்லாரும் திரும்புங்கடா!"

திரும்பினார்கள். மறுபடி ஏறினார்கள், மறுபடி ஒருவன் தவற விட்டான், மறுபடி திரும்பினார்கள். அப்போது கரை உடைந்து, வெள்ளம் அவர்கள் கம்பு முழுவதையும் வாரிக்கொண்டு போனது.

உயிரோடு மேடேறிய கட்டெறும்பு உடம்பை உதறிக்கொண்டு, "எங்க வேலையில ஒரு அரைகுறை காட்டு, பார்ப்போம்" என்றது.

சித்தெறும்பின் வாய் நிறையக் கம்பு இருந்தது.