கடைசி வரிசைப் பட்டதாரிகள்

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், மேப்பிள் ஃபோர்க் சமுதாயக் கல்லூரியின் வரலாற்றிலேயே காணாத எண்ணிக்கையில் பட்டதாரிகள் இன்று மேடையேறுகிறார்கள். அறிவித்தவர் கல்லூரித் தலைவர் டாக்டர் பிரெஸ்டன் ஹார்க்ரேவ். அறிவித்த இடம் கூடைப்பந்துக் கூடம். நேற்றைய ஆட்டத்தின் வியர்வை வாடை இன்னும் போகவில்லை.

கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியுமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள் லொரெட்டா. நாற்பதைத் தாண்டியவள், முதியோர் இல்லத்தில் உதவியாள். மேடையோரம் தோளில் வண்ணப் பட்டை போட்டு உட்கார்ந்திருந்த ஆசிரியர் கூட்டத்தில் அவள் கண் யாரையோ தேடியது.

“யாரைத் தேடுறீங்க மேடம்?” என்றான் இடப்பக்கம் இருந்த டுவேன். வெல்டிங் மாணவன்.

“ஹோல்ப்ரூக்னு ஒருத்தன். வெற்றிப் பாதை ஆலோசகராம், யார் எந்தப் பாடம் எடுக்கணும்னு சொல்றவன். கெடைச்சான்னா மொதல்ல கையெழுத்து வாங்கணும். அப்புறம் கழுத்தைப் பிடிக்கணும்.”

டுவேன் நிமிர்ந்தான். “போன்ல தேன் ஒழுகப் பேசுவானே, அவனா?”

“உன்னையும் கவுத்துட்டானா?”

கவிழ்த்திருந்தார். இந்தக் கல்லூரியில் கணக்கு இரண்டு வகை. படித்ததும் நேரே வேலைக்குப் போகிறவர்களுக்குத் தொழில் கணக்கு. பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போய் மேலே படிக்கிறவர்களுக்கு அல்ஜீப்ரா. ஒன்றின் இடத்தில் மற்றது செல்லாது.

நர்ஸ் படிப்புக்குப் பல்கலைக்கழகம் போக வேண்டிய லொரெட்டாவைத் தொழில் கணக்கில் உட்காரவைத்தார் ஹோல்ப்ரூக் அவர்கள். குழாய் பற்றவைக்கப் போக வேண்டிய டுவேனை அல்ஜீப்ராவில் தள்ளினார். இருவரும் தேறினார்கள். இருவருக்கும் பட்டம் இல்லை.

“எக்ஸையும் ஒய்யையும் வெச்சு எந்தக் குழாயை ஒட்டுறது?” என்றான் டுவேன். “பேசாம நாம ரெண்டு பேரும் மார்க்கை மாத்திக்கலாமா?”

பட்டம் இல்லாதவர்கள் எப்படி மேடையேறலாம் என்று கேட்கக்கூடாது. ஒரு பாடம் பாக்கி இருப்பவரும் அங்கிக்கு வாடகை கட்டிவிட்டால் ஊர்வலத்தில் நடக்கலாம், தலைவரோடு கைகுலுக்கலாம், வெற்று அட்டையை வாங்கிக்கொண்டு போட்டோவுக்குச் சிரிக்கலாம். கடைசி வரிசை அவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. பெயரை மட்டும் வாசிக்கமாட்டார்கள். வரலாறு காணாத எண்ணிக்கை அப்படித்தான் பிறந்தது.

“பல்கலைக்கழகத்துல எனக்கு ஒரு எடம் வெச்சிருக்காங்க, தம்பி,” என்றாள் லொரெட்டா. “பட்டம் உறுதின்னு இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள தகவல் போகலேன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. இன்னொரு வருஷம் கெழவங்களைத் தூக்கிப் படுக்க வெக்க என் இடுப்புல தெம்பு இல்ல.”

“அதுக்கு அவன் கையெழுத்து எதுக்கு?”

“அந்தக் கணக்குக்குப் பதிலா இந்தக் கணக்கை ஏத்துக்கலாம்னு ஆலோசகர் எழுதிக் குடுத்தா போதுமாம்.”

வலப்பக்கம் ஓர் இளைஞன் இருந்தான். அதுவரை தொப்பியின் குஞ்சத்தைப் பின்னுவதும் பிரிப்பதுமாக இருந்தவன், சளியால் கரகரத்த குரலில் வாயைத் திறந்தான். “ஆலோசகர்னா மட்டும் போதாதுங்க. பட்டம் வாங்கின அலுவலரா இருக்கணும். விதி பதினொண்ணு, உட்பிரிவு மூணு.”

“ஏம்ப்பா, தூக்கத்துலயும் இதைத்தான் ஒப்பிப்பியா?” என்று சிரித்தான் டுவேன்.

“பட்டம் இல்லாத ஆளையா ஆலோசகரா வெச்சிருப்பாங்க?” என்றாள் லொரெட்டா. “உனக்கு என்ன பாக்கி?”

“கணக்குதான்.”

“அவன் பேச்சைக் கேட்டுத்தானா?”

“இல்லீங்க. நானே யோசிச்சு எடுத்தேன்.”

“பரவால்லியே. முட்டாத்தனத்தைக்கூட சொந்தமா பண்ணிருக்க.”

மேடையில் தலைவர் குரலை உயர்த்தினார். “இந்தக் கல்லூரியில் எந்த மாணவரும் வழி தவறுவதில்லை! கை பிடித்து அழைத்துப்போக வெற்றிப் பாதை மையம் இருக்கிறது!” கூடம் கைதட்டியது. கடைசி வரிசையும் தட்டியது, பழக்கதோஷம்.

வரிசை எழுந்தது. ஆசிரியர்களைக் கடக்கும்போது லொரெட்டா ஒருவரிடம் குனிந்து கேட்டாள், “சார், இதுல ஹோல்ப்ரூக் யாரு?”

“போன்ல பேசுறவரா? நாங்க யாரும் பாத்ததே இல்லையேம்மா,” என்றார் அவர், கைதட்டலை நிறுத்தாமல்.

தலைவர் கைகுலுக்கினார். அட்டை வந்தது. ஒளி பளிச்சிட்டது. லொரெட்டா சிரித்தாள், அந்தப் படத்தைப் பார்ப்பவர் யாரும் அவளை ஏழை என்றோ ஏமாந்தவள் என்றோ சொல்லமாட்டார்கள்.

கூடத்துக்கு வெளியே புல்வெளியில் வெயில் சாய்ந்திருந்தது. மற்றவர்கள் தொப்பியை வானத்தில் எறிந்து கூச்சலிட்டார்கள். வாகனங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஆசிரியர்கள் அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டு போயே விட்டார்கள்.

லொரெட்டா ஓடிப்போய், விதி சொன்ன அந்த இளைஞனின் அங்கியைப் பிடித்தாள்.

“தம்பி, நில்லு. விதி பூரா விரல் நுனியில வெச்சிருக்க. அந்தாளு எங்க இருப்பான்னும் உனக்குத் தெரிஞ்சிருக்கும். திட்டமாட்டேன், சத்தியமா. ஒரே ஒரு கையெழுத்து. என் வாழ்க்கையே அதுல இருக்குப்பா.”

அவன் தன் கையிலிருந்த வெற்று அட்டையைத் திறந்து காட்டினான்.

“நான்தாங்க ஹோல்ப்ரூக்.”