பொருளின் வீம்பு

பதினேழாவது கேள்வியில் அவளுடைய சிவப்புப் பேனா நின்றது.

நிலைமம் என்றால் என்ன? இரண்டு மதிப்பெண்.

‘நிலைமம் என்பது பொருளின் வீம்பு. நிற்கிற பொருள் தானாக நகராது. நகர்கிற பொருள் தானாக நிற்காது. வெளியிலிருந்து விசை வேண்டும். எ.கா. கரையில் கிடக்கும் வள்ளம்.’

அவள் மறுபடி படித்தாள்.

வீம்பு எந்த அறிவியல் புத்தகத்திலும் கிடையாது. அவளுக்குத் தெரியும். அதைப் பாடத்துக்குள் கொண்டுவந்தவளே அவள்தான்.

பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாம். ஒரு பெரிய ஹால், அறுபது ஆசிரியர்கள், ஆறு மின்விசிறிகள். ஓடுவது நான்கு. காலையில் பதினைந்து தாள், மதியம் பதினைந்து. தாளில் பெயர் இருக்காது, ஊர் இருக்காது. வேறு மாவட்டத்துப் பிள்ளைகள் என்பது மட்டும் தெரியும்.

அடுத்த தாளை எடுத்தாள். நேராகப் பதினேழாவது கேள்விக்குப் போனாள்.

பொருளின் வீம்பு. வள்ளம்.

அதற்கடுத்த தாளில் ‘விம்பு’ என்று குறிலாக எழுதியிருந்தது. வள்ளம் மட்டும் சரியாக இருந்தது.

அந்த விடைத்தாள் கட்டில் பதினைந்து தாள். பதினொன்றில் வீம்பு.

ஆனால் அவள் சொன்னது வள்ளம் இல்லை. தேர்.

அவள் ஊரில் தேர் உண்டு, கடல் கிடையாது. “தேருக்கு வீம்புடா. ஊரே சேர்ந்து இழுத்தாலும் லேசுல கிளம்பாது. கிளம்பிட்டா லேசுல நிக்காது. அதுக்குத்தான் முட்டுக்கட்டை போடுறது.” பதினேழு வருடம் இப்படித்தான் நடத்தினாள். கடைசி பெஞ்சு வரைக்கும் சிரிக்கும். கடைசி பெஞ்சு வரைக்கும் புரியும்.

ஒன்பது வருடத்துக்கு முன் வகுப்பைப் பார்வையிட ஒரு அதிகாரி வந்தார். வீம்பு, பிடிவாதம் என்றெல்லாம் எழுதிவைத்தால் பரீட்சையில் யார் மார்க் போடுவார்கள் என்று பிள்ளைகள் முன்னாலேயே கேட்டார்.

அவளுக்கு முகம் சிறுத்துப்போனது. அன்றோடு விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு புத்தகத்தில் உள்ளபடிதான்.

ஆக, அதற்கு முன்னால் அவள் வகுப்பில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் இன்று எங்கோ ஒரு கடற்கரைப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறார். தேர் பார்க்காத பிள்ளைகளுக்காகத் தேரை எடுத்துவிட்டு வள்ளத்தை வைத்திருக்கிறார்.

பெருமையாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

சிக்கல் எட்டாவது தாளில் வந்தது.

கூட்டிப் பார்த்தாள். பதினேழாவது கேள்வியைச் சேர்க்காமல் பதினெட்டு. தேறுவதற்கு இருபது வேண்டும்.

இரண்டு போட்டால் அந்தப் பிள்ளை பதினொன்றாம் வகுப்புக்குப் போகும். போடாவிட்டால் மறுதேர்வு. மறுதேர்வு எழுத வராமலே போன பிள்ளைகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். ஒருத்தியைப் போன வாரம் பனியன் கம்பெனி வேனில் பார்த்தாள்.

விடைக்குறிப்பில் வீம்பு இல்லை.

போட்டுவிடலாம். கை துடித்தது. அதனால்தான் பயமாகவும் இருந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. தன் சொல்லுக்குத் தானே மதிப்பெண் போடுவதில் என்ன நியாயம்?

இடது கைப் பெருவிரலை ‘வீம்பு’ மேல் வைத்து மறைத்தாள். மிச்சத்தை யாரோ எழுதியதுபோலப் படித்தாள்.

சரியாக இருந்தது. விடைக்குறிப்பில் ஒரு நீளமான வாக்கியமாக இருந்தது, இங்கே மூன்று சின்ன வாக்கியங்களாக இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டு போட்டாள்.

பதினொரு தாளையும் அப்படியே விரல் வைத்துப் படித்தாள். ஒரு தாளில் ‘பொருளின் வீம்பு’ என்று மட்டும்தான் இருந்தது. மறைத்தபின் மிச்சம் ஒன்றுமில்லை. அதற்குப் பூஜ்யம் போட்டாள். மனசில்லாமல்தான்.

முதன்மைத் தேர்வாளர் பொன்னையா சார் கட்டைப் புரட்டினார். இருபது வாங்கிய தாள் என்றால் அவர் இரண்டு தடவை பார்ப்பார். எட்டாவது தாளில் நின்றார்.

“என்ன டீச்சர் இது? வீம்புன்னு ஆன்சர் கீயில இல்லையே.”

“அந்த ஒரு சொல்ல விட்டுட்டுப் படிங்க சார்.”

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். உதடு அசைந்தது. அவர் பேனா மதிப்பெண்ணுக்கு மேலேயே நின்றது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரியாத்தான் எழுதியிருக்கு,” என்று கையெழுத்துப் போட்டார். “எந்த வாத்தியார் இப்படிச் சொல்லிக்குடுத்தாரோ.”

“எனக்கும் தெரியணும் சார்.”

டீ வந்தது. ஆறிப்போகிற வரைக்கும் யோசித்தாள். அவளிடம் படித்து ஆசிரியரானவர்கள் அவளுக்குத் தெரிந்து நான்கு பேர். நான்கு பேரும் உள்ளூர்ப் பக்கம்தான். கல்யாணப் பத்திரிகை வைத்தார்கள், வேலை கிடைத்ததும் ஸ்வீட் பெட்டியோடு வந்தார்கள்.

இது ஐந்தாவது. வரவும் இல்லை, சொல்லவும் இல்லை. முகம் தெரிந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். வருகைப் பதிவேட்டு வரிசையில் பெயர்களைச் சொல்லிப் பார்த்தாள். பாதி மறந்திருந்தது.

அடுத்த கட்டைப் பிரித்தாள். கட்டின் மேலிருந்த தேர்வு மைய எண் வேறு. முதல் தாள், பதினேழாவது கேள்வி.

‘ஒரு பொருள் தனது ஓய்வு நிலையையோ அல்லது சீரான நேர்க்கோட்டு இயக்க நிலையையோ மாற்ற முயலும் விசையை எதிர்க்கும் பண்பு நிலைமம் எனப்படும்.’

எழுத்துப் பிசகவில்லை. இரண்டு போட்டாள்.

இரண்டாவது தாளிலும் அதே வாக்கியம். மூன்றாவதிலும் அதுவே.

இவர்கள் யாருடைய பிள்ளைகள் என்று சொல்ல முடியவில்லை.