சாவி கொடுத்தது யார்?

“தம்பி, உங்க அம்மா உங்க அப்பாவை முடிச்சுடுவாங்க போலிருக்கு.”

மாடி வீட்டுக்காரர் போனில் இப்படி ஆரம்பித்ததும், மகன் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது. அப்பாவுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

“என்ன சார் சொல்றீங்க?”

“காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, மனுஷனை நாற்காலியிலிருந்து கிளப்பித் தெருத்தெருவா இழுத்துட்டுப் போறாங்க. நேத்து மழை. குடையைப் பிடிச்சுக்கிட்டு இழுக்குறாங்க. ‘எந்திரிங்க, நின்னுடப் போகுது’ன்னு ஒரு சத்தம். எனக்கே நெஞ்சு நின்னுடும் போலிருக்கு.”

மகன் மறுநாள் காலையே வந்து இறங்கினான். சட்டைப்பையில் திரும்பிப் போக இரண்டு டிக்கெட். ஒன்று அவனுக்கு, ஒன்று அப்பாவுக்கு.

அப்பா வாட்ச் ரிப்பேர்காரர். அவர் கடையைத் திறந்த பிறகுதான் சூரியனே மணி பார்த்துக் கிளம்பும் என்பார்கள். கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான், ரொம்ப இல்லை. அம்மா முப்பது வருடம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தவள். அவள் எழுந்தால் நாற்காலி பயந்துவிடும்.

அந்த அம்மா, காலில் ஷூ மாட்டிக்கொண்டு, அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் இன்னொரு கையில் பாதி காபி.

“அம்மா, விடு. அவர் ஹார்ட் பேஷண்ட்.”

“அதனாலதான் இழுக்கறேன். நடக்கலேன்னா மெஷின் நின்னுடும்.”

“எந்த மெஷின்?”

“நெஞ்சுல வெச்சாங்களே, அதுதான். கையை வீசி நடந்தா தானா சாவி ஏறுமாம், ஆட்டோமேட்டிக் வாட்ச் மாதிரி. காலையில நாலாயிரம் அடி, சாயங்காலம் நாலாயிரம் அடி.”

மகன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

“உனக்கு யாரும்மா இப்படிச் சாவி கொடுத்தது?”

“உங்கப்பாதான் சொன்னார். டாக்டர் சொன்னாராம். நகரு, நேரமாச்சு.”

இருவரும் கிளம்பிவிட்டார்கள். அம்மா பத்தடி முன்னால், “நூத்தி பன்னெண்டு, நூத்தி பதிமூணு” என்று உரக்க எண்ணிக்கொண்டு. அப்பா பின்னால். மகன் அவருக்கும் பின்னால்.

மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்கியது மகனுக்குத்தான்.

“அப்பா, அது பேட்டரிப்பா. நாப்பது வருஷம் வாட்ச் பார்த்தவர், உங்களுக்குத் தெரியாதா? எந்த டாக்டர் அப்படிச் சொன்னான்? இப்பவே போய் ரெண்டுல ஒண்ணு பார்க்கறேன்.”

“மெதுவாப் பேசு. எண்ணிக்கையை விட்டா ஒண்ணுலேர்ந்து ஆரம்பிப்பா.”

“யார் சொன்னதுப்பா?”

“நான்தான்.”

மகன் நின்றுவிட்டான்.

“நட, நட. நின்னா அவளுக்குச் சந்தேகம் வரும். நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப அவளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. சர்க்கரை முன்னூத்தி எண்பது. ‘ரெண்டு பேரும் நடக்கணும். நீங்க நடக்கலேன்னா தொப்பை வரும், இவங்க நடக்கலேன்னா கால் போயிடும்’னார் டாக்டர். தனக்குன்னா முனைக்கடை வரைக்கும் நடக்க மாட்டா. எனக்குன்னா நடப்பா. அதான் ஒரு சாவி செஞ்சேன். நீ என்னை இன்னைக்குக் கூட்டிட்டுப் போயிட்டா, நாளைக்கு அவ மறுபடியும் உட்கார்ந்துடுவா.”

சட்டைப்பையில் டிக்கெட் இரண்டும் வியர்வையில் ஊறிப்போயிருந்தன.

வீடு திரும்பியதும் அப்பா குளிக்கப் போனார். அம்மா ஷூவைக் கழற்றியபடியே கேட்டாள்.

“சொல்லிட்டாரா?”

“எதைம்மா?”

அவள் தன் கைப்பையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். ஆஸ்பத்திரியில் கொடுத்தது. மடித்து மடித்து ஓரம் நைந்திருந்தது.

“படி. பேட்டரின்னு போட்டிருக்கா? பத்து வருஷம் வரும்னு போட்டிருக்கா? வாட்ச்காரர் பொண்டாட்டிடா நான். பேட்டரிக்கும் சாவிக்கும் வித்தியாசம் தெரியாமயா இருப்பேன்?”

மகன் அட்டையைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

“அப்புறம் எதுக்கும்மா இந்த இழுப்பு?”

“ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பதினெட்டு நாள் அந்த நாற்காலியை விட்டு எந்திரிக்கலடா. முள் ஓடாத வாட்ச்ல பேட்டரி மிச்சம்னு அவர் கணக்கு. தும்மக்கூடப் பயந்தார். சட்டைக்கு பட்டன்கூட நான்தான் போட்டுவிட்டேன். டாக்டர் சொன்னார், நான் சொன்னேன், எதுக்கும் அசையல. என்னை நடக்க வைக்கணும்னு ஒரு பொய் தோணுச்சு பாரு, அன்னைக்குத்தான் முதல் தடவையா எந்திரிச்சு வாசலுக்கு வந்தார்.”

அவள் அட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“எனக்குச் சாவி கொடுக்கறதா நெனச்சுக்கிட்டு நடக்கறார். நீ பாட்டுக்கு எதையாவது உளறி வெச்சுடாதே.”

மகன் சட்டைப்பையிலிருந்து ஒரு டிக்கெட்டை எடுத்து நான்காகக் கிழித்தான்.

குளியலறைக் கதவு திறந்தது. அம்மாவின் குரல் மாடி வரை ஏறியது.

“சாயங்காலம் நாலாயிரம். ஒரு அடி குறைஞ்சாலும் நின்னுடும், ஆமாம்.”

தலை துவட்டிய துண்டுக்குள்ளிருந்து அப்பா, ‘பார்த்தியா, எப்படி நம்பறா!’ என்பதுபோல மகனைப் பார்த்துக் கண்ணடித்தார்.