ஸ்பீக்கர் சொன்ன விலாசம்

"உன் பெயரைச் சொல்!"

டேனியல் பிரதர் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரின் தலையில் கை வைத்து மூன்றாம் முறையாக அதட்டினார்.

ஸ்பீக்கர் கரகரத்தது.

"என் பேரு தட்சிணாமூர்த்தி" என்றது.

பிரதர் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். பின்னால் நின்ற ஞானம்மாள் மருமகள் எப்சியின் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

பத்து நாளாக இந்தத் தொல்லை. எப்சி ஆன்லைனில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கும்போது ஓர் ஆண்குரல் நடுவில் நுழைந்து "கேக்குதா, கேக்குதா" என்று கூப்பிடும். கம்ப்யூட்டரை நிறுத்தினாலும் ஸ்பீக்கர் நிறுத்தாது. ஞானம்மாளின் மகன் ஜோஷ்வாவுக்கு ஷார்ஜாவில் வேலை. இரும்புலியூரில் பெண்கள் இரண்டே பேர் இருக்கிற வீட்டில் ஓர் ஆம்பளைக் குரல் என்றால் ஞானம்மாளுக்குச் சோறு இறங்குமா? அதனால்தான் ஜெபம் பண்ண குரோம்பேட்டையிலிருந்து பிரதரை வரவழைத்திருந்தார்கள்.

பிரதர் எத்தனையோ வீடு பார்த்தவர். எந்த ஆவியும் அவருக்கு இவ்வளவு மரியாதையாகப் பதில் சொன்னதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்கிருந்து வந்தாய்?"

"இரும்புலியூர். ரெண்டாவது மெயின் ரோடு, மாடி வீடு."

"இன்னா பிரதர், நம்ம ஏரியாவாவே கீது!" என்றாள் ஞானம்மாள்.

"எதற்காக வந்தாய்?"

"சும்மாதான் சார். ரிடயர் ஆனப்புறம் பொழுது போகணும் இல்லையா?"

எப்சி துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். மருமகள் பயந்துவிட்டாள் என்று ஞானம்மாள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"எப்போது போவாய்?"

"அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன். அப்புறம் பால் வாங்கணும்."

பிரதருக்கே லேசாகச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். ஆனால் பாதி ஜெபத்தில் எப்படி நிறுத்துவது? கண்களை இறுக மூடி, போகிற வீட்டிலெல்லாம் சொல்கிற, ஊருக்கே தெரிந்த வாக்கியத்தை எடுத்து விட்டார்.

"இந்த வீட்டில் ஒருவர் எதையோ மறைத்து வைத்திருக்கிறார்! அது வெளியே வராமல் இது போகாது!"

"ஆமா சார், ஆமா" என்றது ஸ்பீக்கர். "நூத்துக்கு நூறு கரெக்ட்."

எப்சியின் தோளில் இருந்த மாமியாரின் பிடி நழுவியது.

ஞானம்மாள் உள்ளே போனாள். பரணிலிருந்து பழைய மிக்ஸி அட்டைப்பெட்டியை இறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் பழுப்பு நிறக் கவர் ஒன்று இருந்தது. ஏற்கெனவே பிரித்த கவர்.

"வெள்ளிக்கெழம வந்துச்சு. நான்தான் கையெழுத்து போட்டு வாங்கினேன்." கவரை எப்சியிடம் நீட்டினாள். "நீயும் போய்ட்டா, இந்த வூட்ல நான் யார்கூட சண்ட போடுவேன்?"

மதுராந்தகத்தில் ஒரு பள்ளிக்கூடம். கணக்கு டீச்சர் வேலை. வருகிற திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும்.

எப்சியின் நாக்கு நுனியில் நிறைய வசவு தயாராக இருந்தது. அந்தக் கடைசி வாக்கியம் எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டு போய்விட்டது.

"மதுராந்தகம் என்ன ஷார்ஜாவா அத்தை? தாம்பரத்துல ரயில் ஏறினா ஒன்றரை மணி நேரம். ஏழு மணிக்கெல்லாம் வந்துடுவேன். அப்புறம் தூங்குற வரைக்கும் சண்டை போடலாம்."

ஞானம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஏழுன்னா ஏழுதான்" என்றாள்.

சரியாக ஐந்து மணிக்கு ஸ்பீக்கர், "அப்போ நான் கிளம்பறேன் சார், வணக்கம்" என்று சொல்லி அடங்கியது. பிரதர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு இரண்டு காபி குடித்தார். போய்விட்டது என்று உறுதி சொல்லிவிட்டு பைக்கை எடுத்தார்.

"இனிமே வராதில்ல?" சமையலறையிலிருந்து ஞானம்மாள் கேட்டாள்.

"வராது அத்தை."

எப்சி கைப்பையைத் திறந்து, கட்டைவிரல் பருமனில் ஒரு கறுப்பு வளையத்தை எடுத்தாள். ஸ்பீக்கர் ஒயரில் அதை டக்கென்று மாட்டினாள்.

அதைக் கொடுத்தவர் இரண்டாவது மெயின் ரோட்டு மாடி வீட்டு தட்சிணாமூர்த்தி சார். டெலிபோன் வேலையில் ரிடயர் ஆனவர். மொட்டை மாடியில் கம்பி கட்டி, லைசென்ஸ் வைத்துக்கொண்டு, ஊர் ஊராக ரேடியோவில் பேசுகிறவர். ஸ்பீக்கரில் கேட்ட விலாசத்தைத் தேடிப் போன எப்சியிடம், புதன்கிழமை நாலரை மணிக்குத்தான் ரேடியோவில் புது ஆட்கள் நிறைய வருவார்கள், ஒவ்வொருவரிடமும் பேரும் ஊரும் சொல்லி ஆரம்பிக்க வேண்டும் என்று பெருமையாக விளக்கினார். தன் பேச்சு அவள் ஸ்பீக்கரில் கேட்கிறது என்றதும் பதறிப்போய், வளையத்தைக் கையில் திணித்தார்.

"இப்பவே போய் மாட்டிடும்மா. அப்புறம் ஒரு சத்தம் வராது."

அது சனிக்கிழமை.

வீடு திரும்பும் வழியில் தபால்காரர் வண்டியை நிறுத்தினார். "இன்னா டீச்சர், மதுராந்தகம் ஸ்கூல் கவர் வந்துச்சே, நல்ல சேதியா? மாமியார்கிட்ட குடுத்தேனே!"

எப்சி கையிலிருந்த வளையத்தைப் பார்த்தாள்.

அதைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். பிறகு குரோம்பேட்டைக்கு போன் போட்டு, பிரதருக்குப் புதன்கிழமை நாலரை மணி சௌகரியப்படுமா என்று கேட்டாள்.