பாதி சார்ஜ்

அறுபது ட்ரோனும் தேனீக்கூட்டம் மாதிரி ஒன்றாகக் கிளம்பின. பாதி வழியில் இருக்கும் மேட்டைத் தொடும் முன்பே, நல்ல பிள்ளைகளாகத் திரும்பி வந்து தரையில் உட்கார்ந்துகொண்டன.

பார்க்க வந்த ராணுவ அதிகாரிகள் தொப்பியை மாட்டிக்கொண்டு வண்டி ஏறிவிட்டார்கள். முதலாளிதான் ட்ரோன் திட்டத்தின் மேலாளர் பக்கம் வந்து, இந்த ஆர்டர் போனால் அவள் வேலையும் போகும் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

அவளுடைய மூன்று வருட உழைப்பு. மேட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்தி வைத்த பழைய லாரியைத் தாங்களே தேடிப் பிடித்துத் தகர்க்க வேண்டிய ட்ரோன்கள் அவை. அதற்காக நிஜ வெடியே ஏற்றியிருந்தார்கள்.

கணினியைத் துருவினாள். கோளாறு ஒன்றுமில்லை. அறுபதிலும் பேட்டரி பாதிதான் ஏறியிருந்தது. சார்ஜ் குறைந்தால் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லி வைத்தபடி, சமர்த்தாகத் திரும்பியிருக்கின்றன.

பேட்டரி அறைக்கு ஒரே ஆள்தான் பொறுப்பு. எலக்ட்ரீஷியன், எல்லோருக்கும் அவர் 'சார்ஜர்'. பத்து வருடத்தில் ஒரு பேட்டரியைக்கூட அரைகுறையாகக் கொடுத்ததில்லை என்று பெயர் எடுத்தவர். போட்டி கம்பெனிக்கு விலை போய்விட்டார், வேறென்ன?

கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே போனாள்.

"மறந்துட்டீங்களா, வேணும்னே செஞ்சீங்களா?"

"வேணும்னேதான் மேடம்."

மழுப்புவார் என்று நினைத்து வந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோறு போடுகிற இடத்துக்கே குழி பறிக்கிறீர்களே, இத்தனை பேர் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டு எப்படி நிம்மதியாக நிற்கிறீர்கள் என்று பொரிந்து தள்ளினாள்.

அவர் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தார்.

"மேட்டைத் தாண்டிட்டா நாம சொல்றது அதுங்களுக்குக் கேக்காது மேடம். நில்லுன்னாலும் நிக்காது. ஒண்ணைப் பார்த்து ஒண்ணு போகும். ஒண்ணு தப்பாப் பார்த்தா அறுபதும் தப்பாப் பார்க்கும். அந்தப் பக்கம் கல் குவாரி இருக்கு. இந்நேரத்துக்கு டிரைவருங்க லாரியை வரிசையா நிறுத்திட்டு உள்ளேயே உக்காந்து சாப்பிடுவாங்க. எது நம்ம லாரி, எது அவங்க லாரின்னு அதுங்களுக்கு என்ன தெரியும்?"

"வயர் பிடிக்கிற உங்களுக்கு இதெல்லாம் யார் சொன்னது?"

சுவரில் மாட்டியிருந்த சார்ஜ் குறிப்புத் தாளைக் கழற்றினார். ஆபீசில் கழித்துக்கட்டும் தாள்களை எடுத்து வந்து, எழுதாத பக்கத்தில் குறிப்பு எழுதுவது அவர் வழக்கம். தாளைத் திருப்பி அவளிடம் நீட்டினார்.

அவளுடைய சோதனை அறிக்கை. ஒன்பதாம் பக்கம். அவர் இப்போது சொன்னதெல்லாம், குவாரி உட்பட, அதில் இருந்தது. 'மேட்டுக்கு அப்பால் வெடியுடன் பறக்கவிடக் கூடாது' என்று முடித்து, கீழே அவள் கையெழுத்து. இந்த ஒரு பக்கம் மட்டும் வேண்டாமே என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னபோது, மறுபேச்சு பேசாமல் அதை உருவிப் பழைய தாள் பெட்டியில் போட்டவளும் அவள்தான்.

"எழுதினது நீங்கன்னு கையெழுத்தைப் பார்த்ததும் புரிஞ்சுது மேடம்," என்றார் சார்ஜர். "இதைத் தூக்கிப் போட்ட புண்ணியவான் யாருன்னுதான் தெரியல."