டீச்சர் மேல் புகார்

போடிமெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டத்து அரசுப் பள்ளியை ஆய்வு செய்ய வந்த கல்வி அதிகாரி, பெற்றோர்களிடம் கேட்டார்: "உங்க டீச்சர் எப்படி?"

ஜாக்குலின் டீச்சர் தைரியமாக நின்றாள். அடைமழையிலும் லீவு போடாதவள்.

"வகுப்புல கொறட்டை விட்டுத் தூங்குறாகய்யா," என்றாள் மொக்கம்மாள்.

ஜாக்குலினுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"முழிச்சிருந்தா போனு பாக்குறாக," என்றான் அழகுமலை.

அதிகாரி பொரிந்து தள்ளினார். "நல்ல டீச்சர்னு கேள்விப்பட்டு, போடியில பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாத்தலாம்னு வந்தேன். இந்த லட்சணத்துக்கு நீங்க இங்கேயே கெடங்க!"

ஜீப் வளைவில் இறங்கி மறைந்தது. ஜாக்குலினுக்கு அழுகை முட்டியது. "நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணேன்?"

மொக்கம்மாள் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கோவிச்சுக்காதீக டீச்சர். முன்னாடி இருந்த சாரைப் பத்தி அதிகாரி கேட்டப்போ வாய் நெறையப் புகழ்ந்தோம். மறு வாரமே கீழ கூட்டிட்டுப் போயிட்டாக. அப்புறம் ஒரு வருசம் பள்ளிக்கூடம் பூட்டியே கெடந்துச்சு."

அழகுமலை தலையைச் சொறிந்தபடி பக்கத்தில் வந்தான்.

"அடுத்த தடவை வந்தா, டீச்சர் குடிக்கிறாகன்னு சொல்லலாம்னு இருக்கோம். உங்களுக்குச் சம்மதந்தானே?"