பெண்களுக்கும் ஓர் இடம்

"பொம்பளைங்க வூட்ல தொழுதாலே நன்மைதாம்மா. பள்ளிவாசல்ல எதுக்கு எடம்?" என்றார் ஜமாஅத் தலைவர் அமானுல்லா.

"கேக்குறது எங்க உரிமை பாய். வூட்டுக்காரரு மவுத்தாயி போய்ச் சேந்துட்டாரு, மவன் துபாய்ல கீறான். வூட்ல தனியாவே தொழுதுகினு இருக்க முடியல" என்றாள் ஜஹனாரா.

பல கூட்டங்களுக்குப் பிறகு ஜமாஅத் இறங்கி வந்தது. பின்பக்க வராந்தாவில் திரை கட்டிக் கொடுத்தார்கள்.

முதல் வெள்ளிக்கிழமை ஜஹனாரா மட்டும்தான் வந்திருந்தாள். தொழுகை தொடங்கிய பிறகு யாரோ ஒருத்தி வேகமாக வந்து பக்கத்தில் நின்றாள். முடிவில் சலாம் சொல்லத் திரும்பியபோதுதான் ஜஹனாரா அந்த முகத்தைப் பார்த்தாள். அமானுல்லாவின் மனைவி ஷஃபானா!

"உனக்குத்தான் தொணைக்குப் புருஷன் கீறாரே, நீ எதுக்கும்மா வந்தே?"

"அவரு திரைக்கு அந்தாண்ட கீறாரு அக்கா" என்றாள் ஷஃபானா மெதுவாக. "வூட்லயும் அப்படித்தான்."